பாயிண்ட் டூ டூ ரைஃபிளுக்கு மாற்று மேகசின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அப்பா வைத்திருந்த செக் நாட்டு பிர்னோ நிறுவனத்தின் பழைய பாயிண்ட் டூ டூ (0.22 அங்குல) போல்ட் ரைஃபிள் (தண்டைக் கையால் முன்பின் நகர்த்தித் தோட்டாவை ஏற்றும் வகை), அவர் காலமான பின் முறைப்படி என் உரிமத்தில் சேர்க்கப்பட்டது. அதனுடன் வந்த ஐந்து தோட்டா மேகசினின் (தோட்டாக்களை அடுக்கி ரைஃபிளில் பொருத்தும் சிறு பெட்டியின்) அடித்தட்டு துருவேறிக் கழன்றுவிட்டது. உரிமம் பெற்ற கடை ஒன்றில், இதே மாடலுக்குப் பொருந்தும் என்று சொல்லி வேறொரு நிறுவனத்தின் மேகசினைக் கொடுத்தார்கள். கிளப்பில் சுட்டுப் பார்த்தபோது முதல் இரண்டு தோட்டாக்கள் சரியாக ஏறின. மூன்றாவது பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறது. கடைக்காரரோ தோட்டாவின் மேல் குறை சொல்கிறார். நம்பத்தக்க மாற்று மேகசினை எப்படிக் கண்டறிவது, ஐயா?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: மூன்றாவது தோட்டாவில் சிக்குகிறது என்று நீங்கள் குறிப்பிட்டு எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி. வெறுமனே "சிக்குகிறது" என்று எழுதுகிறவர்களுக்கு உருப்படியான பதில் சொல்வது கடினம். எத்தனையாவது தோட்டாவில் சிக்குகிறது என்பதைக் கொண்டுதான் குறை எங்கே இருக்கிறது என்று ஊகிக்க முடியும். முழுதாக நிரப்பியவுடன் முதல் தோட்டாவே ஏற மறுத்தால், ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கலாம், அல்லது உள்ளே இடம் போதாமல் தோட்டாக்கள் நெருங்கி நிற்கலாம். கடைசித் தோட்டா மட்டும் ஏறாவிட்டால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது தோட்டாக்களைத் தாங்கி உயர்த்தும் உள்தட்டு ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். நடுவில் நிற்கும் தோட்டா சிக்கினால் இரண்டு காரணங்களைத்தான் நான் முதலில் தேடுவேன்: ஒன்று, விளிம்போடு விளிம்பு மாட்டிக்கொள்வது, மற்றொன்று, மேகசினின் பக்கத் தகடு அந்த உயரத்தில் உள்வாங்கியிருப்பது.

விளிம்பு மாட்டுவதை விளங்கிக்கொள்ள, தோட்டாவின் அமைப்பைச் சற்றே பார்க்க வேண்டும். 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 22 லாங் ரைஃபிள் தோட்டாவைத்தான் இன்றும் நாம் பயன்படுத்துகிறோம். முழு நீளம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர்; பித்தளைக் கூட்டின் உடல் 5.7 மில்லிமீட்டர் அளவில் இருக்க, அடியிலுள்ள விளிம்பு மட்டும் 7 மில்லிமீட்டருக்குப் புடைத்து நிற்கிறது. தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் அடைக்கப்பட்டிருப்பதால் விளிம்பு இல்லாமல் இந்தத் தோட்டாவே இல்லை. தலை பெருத்த ஆணிகள் ஐந்தை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். தலைப்பக்கம் உயர்ந்து அடுக்கு வளையும். மேல் ஆணியின் தலை கீழ் ஆணியின் தலைக்குப் பின்னால் இருந்துவிட்டால், மேல் ஆணியை முன்னே தள்ளும்போது அது கீழ் ஆணியையும் இழுத்துக்கொண்டு நகரும், அல்லது நகராமலே நிற்கும். மேகசினுக்குள் நடப்பதும் இதுவே. ஆகையால், நிரப்பும்போது ஒவ்வொரு புதிய தோட்டாவின் விளிம்பும் தனக்குக் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். நல்ல மேகசின்கள் உடலையே சற்றுச் சாய்த்தோ வளைத்தோ அமைத்து இதற்குத் துணை செய்கின்றன. சாய்வு ஒரு பாகை பிசகிய மலிவான மேகசினில், நீங்கள் எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் ரைஃபிளைத் தூக்கித் தோளில் சாய்க்கும் அசைவிலேயே அடுக்கு குலைந்துவிடும்.

முதலில் கவனமாக, விளிம்பு பார்த்து நிரப்பிப் பத்து முறை சுட்டுப் பாருங்கள். அப்போதும் மூன்றாவதே சிக்கினால், காலி மேகசினின் உள்தட்டை ஒரு மெல்லிய மூங்கில் குச்சியால் மெதுவாக அழுத்திக் கீழே இறக்கி, அதே வேகத்தில் மேலே வர விடுங்கள். மூன்று தோட்டாக்கள் மிச்சம் இருக்கும்போது தட்டு நிற்கும் உயரத்தில் அது தயங்கினாலோ, உரசும் சத்தம் கேட்டாலோ, குறை தகட்டிலோ ஸ்பிரிங்கின் மடிப்பிலோ இருக்கிறது. இந்தச் சோதனைக்குத் தோட்டா தேவையில்லை. வீட்டில் உயிருள்ள தோட்டாவை வைத்துப் போல்ட்டை ஏற்றி இறக்கிப் பார்க்கும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். சுட்டு முடித்த வெற்றுக்கூடுகளை நிரப்பிப் பார்ப்பதும் பயனற்றது, ஏனெனில் ஈயக்குண்டின் மூக்கு இல்லாத கூடு, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் நுழையும் விதமே வேறு.

கடைக்காரர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. சிக்கிய தோட்டாவைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய ஈயத்தில் எல்லாத் தடமும் பதியும். மூக்கின் மேற்புறம் நசுங்கியிருந்தால் தோட்டா அளவுக்கு மேல் நிமிர்ந்து சேம்பரின் மேல்விளிம்பில் மோதியிருக்கிறது, அதாவது மேகசினின் வாயிலுள்ள இரண்டு உதட்டுத் தகடுகளும் அகன்றிருக்கின்றன. கீழ்ப்புறம் நசுங்கியிருந்தால் தோட்டா தாழ்ந்து வந்திருக்கிறது. உதடுகள் இறுகியிருக்கலாம், அல்லது மேகசின் முழுவதுமே ரைஃபிளுக்குள் உரிய உயரத்தில் அமராமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். பக்கவாட்டில் நீளக் கீறல் இருந்தால் உதட்டின் உள்விளிம்பில் பிசிறு இருக்கிறது. இந்தத் தடம் எதுவும் இல்லாமல், வேறொரு தயாரிப்புத் தோட்டாவை இட்டவுடன் சிக்கலும் மறைந்துவிட்டால், அப்போது கடைக்காரரின் பேச்சை ஒப்புக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நம்பத்தக்க மேகசின் என்று ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிட என்னால் இயலாது. உங்கள் ரைஃபிளோடு பொருந்தி ஓடுவதுதான் நம்பத்தக்க மேகசின், அதை உங்கள் ரைஃபிளில் வைத்துத்தான் அறிய முடியும். பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கடையொன்றில் நான் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு மேகசின்கள் வாங்கினேன். முத்திரை ஒன்று, நிறம் ஒன்று, விலை ஒன்று. ஒன்று இன்றுவரை பிசகாமல் ஓடுகிறது. மற்றொன்றை வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவி வைத்து அளந்தபோது உதடுகளின் இடைவெளி முன்னதைவிடக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அகன்றிருந்தது, அந்த அளவே அதைப் பயனற்றதாக்கப் போதுமானதாக இருந்தது. அச்சில் அழுத்தி வளைக்கப்பட்ட தகட்டில் இத்தகைய வேறுபாடு வருவது இயல்பு. மூல நிறுவனம் அவற்றைச் சோதித்துக் கழித்துவிடுகிறது. மாற்று மேகசின் செய்பவர்களில் சிலர் அந்த வேலையை வாங்குபவரிடம் விட்டுவிடுகிறார்கள்.

எனவே துப்பாக்கியைச் செய்த நிறுவனமே செய்த மேகசின் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள், விலை கூடுதலாக இருந்தாலும். செக் நாட்டு சிஇசட் நிறுவனத்தின் 452, 455, 457 ஆகிய மூன்று மாடல்களும் ஒரே வகை மேகசினை ஏற்பவை; அவற்றில் எஃகிலும் பாலிமரிலும் வருவன உண்டு. பழைய பிர்னோ ரைஃபிள்களுக்கும் கடைக்காரர்கள் இந்த வகையைத்தான் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். "பொருந்தும்" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காமல், உரிமத்தோடும் உறையோடும் காலி ரைஃபிளைக் கடைக்கு எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள். மேகசின் உள்ளே சென்றதும் கொக்கி தெளிவான ஒலியோடு பிடிக்க வேண்டும். பிடித்த பின் விரலால் கீழிருந்து மேலே தள்ளினால் அது நகரக்கூடாது. நகர்ந்தால் கொக்கிக்கான வெட்டு தவறான இடத்தில் இருக்கிறது, தோட்டா தாழ்ந்தே வரும். விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் இழுக்காமலே நழுவிக் கையில் விழ வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பில்லோடு வாங்கி, ஓடாவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கிளப்பில் பத்து முறை நிரப்பிச் சுடுங்கள். ஐந்து தோட்டா மேகசினுக்கு அது 50 தோட்டாக்கள், அதாவது ஒரு பெட்டி. அந்த ஒரு பெட்டியில் ஒருமுறைகூடச் சிக்காத மேகசினை வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சிக்கினால் காரணம் தேடுங்கள். இரண்டு முறை சிக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் அப்பாவின் பழைய மேகசினை எறிந்துவிடாதீர்கள். அதன் அடித்தட்டு மட்டுமே போயிருக்கிறது. உதடுகள் அந்த ரைஃபிளோடு பல ஆண்டுகள் பழகித் தேர்ந்தவை. அடித்தட்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவது, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருக்குச் சிறிய வேலை. புதிய மேகசின் ஓடாதபோது உதட்டின் இடைவெளி, கொக்கி வெட்டிலிருந்து உதடு வரையிலான உயரம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை.

கேள்வி: என் மைத்துனர் துபாயில் வேலை செய்கிறார். வெளிநாட்டு இணையக் கடைகளில் நல்ல நிறுவனங்களின் மேகசின்கள் எளிதாகக் கிடைக்கின்றன. காலி மேகசின்தானே, ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லலாமா? என்னிடம் ரைஃபிளுக்கு உரிமம் இருக்கிறது.
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்குத் தரும் வரையறையிலேயே அதன் பாகங்களும் அடங்குகின்றன. ஆயுதங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு அதே சட்டத்தின் பத்தாவது பிரிவின்படி தனியே இறக்குமதி உரிமம் வேண்டும். ரைஃபிளை வைத்திருப்பதற்கு நீங்கள் பெற்ற உரிமம் அதற்கு ஈடாகாது. காலி மேகசின் என்பதால் சுங்கத்துறை அதை விளையாட்டுப் பொருளாக எண்ணாது. விமான நிலையத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மைத்துனர். வெளிநாட்டு வேலையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரை ஒரு தகட்டுப் பெட்டிக்காக வழக்கில் மாட்டிவிடாதீர்கள். அஞ்சல் பொட்டலமாக வரவழைப்பதும் இதே குற்றம்தான். உரிமம் பெற்ற விற்பனையாளர் முறைப்படி இறக்குமதி செய்ததை வாங்குங்கள். அவரிடம் இல்லையென்றால் மாடலின் பெயரையும் பழைய மேகசினில் உள்ள முத்திரையையும் எழுதிக் கொடுத்து, அடுத்த சரக்கில் வரவழைக்கச் சொல்லுங்கள். மாதங்கள் ஆகலாம். காத்திருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் லேத் பட்டறையில் மோட்டார் உதிரிபாகம் எதைக் கொடுத்தாலும் அச்சு அசலாகச் செய்து தருகிறார்கள். ஒரிஜினல் மேகசினை மாதிரியாகக் கொடுத்து இரண்டு செய்து வாங்கிக்கொள்ளலாமா? கடையில் வாங்கும் டூப்ளிகேட்டைவிட அது நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.
— வாசகர், வீரவநல்லூர்

பதில்: நம் பக்கத்துப் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்கும் ஐயமில்லை. நெல் அறுக்கும் இயந்திரம் வயலில் நின்றுவிட்டால் கம்பெனி ஆள் வருவதற்குள் பாகத்தைக் கடைந்து ஓட வைப்பவர்கள் அவர்கள். ஆனால் உரிமம் இல்லாமல் ஆயுதத்தையோ அதன் பாகத்தையோ செய்வதை மட்டுமல்ல, பழுது பார்ப்பதையும் சோதிப்பதையும்கூட ஆயுதச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு தடைசெய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அதை மீறுவோருக்கு ஏழாண்டுகளுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். மாதிரியைக் கொடுத்த உங்களைவிட, விவரம் அறியாமல் செய்து கொடுத்த பட்டறைக்காரரே முதலில் அகப்படுவார். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த 1801-ஆம் ஆண்டின் டிசம்பரில், இந்தச் சீமையில் ஆயுதம் தாங்குவதையே தடைசெய்து கும்பினியார் பிரகடனம் வெளியிட்டார்கள். அது அடக்குமுறைக்காக வந்த ஆணை. இன்றைய சட்டமோ நம்மைக் காப்பதற்காக நாமே இயற்றிக்கொண்டது, அதை அந்தப் பழைய ஆணையைப் போலக் கருதி ஒதுக்குவது தவறு.

தொழில்முறையிலும் இது எளிய வேலை அன்று. உதட்டுத் தகடு வளைத்த பின் விறைப்பேற்றப்பட வேண்டும். அந்தப் பக்குவம் இல்லாத சாதாரணத் தகடு முதல் நாள் அளவாகவே இருந்து, சில நூறு தோட்டாக்களில் தளர்ந்து அகன்றுவிடும். கடையில் வாங்கிய மேகசினின் உதட்டை நீங்களே குறடு கொண்டு நெருக்கிப் பார்ப்பதற்கும் இதே பதில்தான். ஒருபக்கம் நெருக்கினால் மறுபக்கம் சாயும். திரும்ப நிமிர்த்தினால் தகடு அயர்ந்து விரிசல் விடும். இந்த வழியில் கெட்டுப்போன நல்ல மேகசின்கள் பலவற்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டைக் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து 25 கஜத்தில் பாயிண்ட் டூ டூ சுட்டுப் பழகி, இப்போது 50 மீட்டர் போட்டிகளுக்குப் பயிற்சி பெறுகிறாள். அவளுக்காக இரண்டு நல்ல மாற்று மேகசின்கள் வாங்கி வைக்க எண்ணுகிறேன். எவற்றை வாங்கலாம்?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, உங்கள் பணம் மிச்சம். 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளின் பன்னாட்டு விதிப்படி தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் இட்டே சுட வேண்டும். போட்டிக்கென்றே செய்யப்படும் ரைஃபிள்களில் பலவற்றுக்கு மேகசினே கிடையாது. கிளப்பில் அவள் பயன்படுத்துவது மேகசின் வகை ரைஃபிளாக இருந்தால், அந்த இடத்தில் பொருத்துவதற்கு ஒற்றைத் தோட்டாவைத் தாங்கும் தட்டு சில நிறுவனங்களால் செய்யப்படுகிறது. சிஇசட் ரைஃபிள்களுக்கு அது கிடைக்கிறது. அதில் தோட்டாவை வைத்துப் போல்ட்டைத் தள்ளினால் நேராகச் சேம்பருக்குள் செல்லும், உதட்டில் உரசாததால் ஈயக்குண்டில் கீறலும் விழாது. மேகசினுக்கு வைத்திருக்கும் தொகையைக் கொண்டு ஒரே தயாரிப்புத் தொகுதி எண் கொண்ட தோட்டாப் பெட்டிகளை, உரிமம் அனுமதிக்கும் அளவில், கிளப் வழியாக வாங்கிக் கொடுங்கள். அவளுடைய மதிப்பெண்ணை உயர்த்தப் போவது அதுதான்.

கேள்வி: மலையடிவாரத்தில் எனக்கு வயல் இருக்கிறது. இரவில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கிக் கடலையைக் கிண்டிவிடுகின்றன. என் பாயிண்ட் டூ டூ ரைஃபிளுக்குப் பத்துத் தோட்டா மேகசின் வாங்கினால் பயன்படுமா?
— வாசகர், கடையம்

பதில்: உழைத்த பயிர் ஒரே இரவில் போகும் வேதனையை நான் அறிவேன். ஆயினும் இந்தக் காரணத்துக்காக நீங்கள் எந்த மேகசினும் வாங்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியை உங்கள் விருப்பப்படி சுட அனுமதிப்பதில்லை. அதுவும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருந்துகொண்டு இதை எண்ணவே கூடாது. இரண்டரை கிராம் எடையே உள்ள ஈயக்குண்டு, தடித்த தோலும் கொழுப்பும் கொண்ட பன்றியை வீழ்த்தாது. புண்ணோடு ஓடவிடும், அந்தப் பன்றி மறுநாள் காலை வயலுக்கு வரும் பெண்கள் மேல் பாயும். சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள்.

இலக்குப் பலகையில் சுடுவதற்காகப் பத்துத் தோட்டா மேகசின் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். விளிம்புள்ள தோட்டாவில் அடுக்கு உயர உயர வளைவும் கூடும். ஐந்தில் மறைந்திருக்கும் சிறு பிழை பத்தில் வெளிப்பட்டுவிடும். மாற்றுத் தயாரிப்பில் எப்போதும் ஐந்தையே தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1964-இல் தன் 10/22 ரைஃபிளோடு கொண்டுவந்த பத்துத் தோட்டா மேகசின் இதற்கு விலக்கு. அதில் தோட்டாக்கள் அடுக்காக நில்லாமல், சுழலும் உருளையின் பள்ளங்களில் தனித்தனியே அமர்கின்றன. விளிம்பும் விளிம்பும் தொடுவதே இல்லை.

கேள்வி: குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் எங்கள் வீட்டில் இரும்பு எல்லாம் துருப்பிடிக்கும். மேகசினுக்கு எந்த எண்ணெய் போடுவது? தேங்காய் எண்ணெய் போதுமா?
— வாசகர், தென்காசி

பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுக்காகித் தூசியை இழுக்கும். இந்தத் தோட்டாக்களின் ஈயக்குண்டின் மேல் மெழுகு பூசப்பட்டிருப்பதால், அந்த மெழுகும் கரியும் ஈயத்துகளும் மேகசினின் உட்புறத்தில் ஏற்கெனவே படிந்திருக்கின்றன. அதன் மேல் எந்த எண்ணெயை ஊற்றினாலும் களிம்புதான் சேரும். "மேகசின் கெட்டுவிட்டது" என்று என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றில் பல, கழற்றித் துடைத்தவுடன் ஒழுங்காக ஓடியவை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அடித்தட்டை நழுவவிட்டு, பாய்ந்து வரும் ஸ்பிரிங்கை விரலால் தடுத்து வெளியே எடுங்கள். எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்புறத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணியை ஒருமுறை ஓட்டி, மீண்டும் உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். தகட்டின் மேல் எண்ணெய் இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தால் அது அதிகம். சாரல் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். தோட்டா நிரம்பிய மேகசினை வீட்டில் வைக்காதீர்கள். ரைஃபிள் ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கட்டும். தோல் உறைக்குள் மேகசினைப் போட்டு மாதக்கணக்கில் வைப்பதும் வேண்டாம், தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்கே கொடுக்கும். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது மேகசினையும் சேர்த்துக் கொடுத்து, ரசீதில் அதன் எண்ணிக்கையைக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மேகசின் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றின் அடியிலும் வண்ணத்தால் ஓர் எண் இட்டுவைத்தால், திரும்பப் பெறும்போது சோதித்து நம்பிய அதே மேகசின்தான் கைக்கு வந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.